பத்தாவது காசு

ஞாயிறு பின்னேரம். வெள்ளவத்தையில் மழை
கடலையும் தண்டவாளத்தையும் ஒரே நிறமாக்கியிருந்தது.
பிள்ளைகளுக்கு வெளியே போக வழியில்லை.
எனக்கு உட்கார்த்திப் பாடம் சொல்லப் பொறுமையில்லை.
ஆகவே ஒளித்து வைத்தேன்,
பத்து ரூபாய்க் குற்றி பத்து.
ஒவ்வொன்றிலும் மிரோனி முன்னமே
சிவப்புக் கியூரெக்ஸால் பொட்டு வைத்திருந்தாள்:
"எங்கட காசு எண்டு தெரியவேணும்."

கதை சின்னது.
ஒருத்தியிடம் பத்துக் காசு, ஒன்று தொலைந்தது.
விளக்கைக் கொளுத்தி வீடு முழுக்கக் கூட்டினாள்,
கண்டதும் அயலாரைக் கூப்பிட்டுக் கொண்டாடினாள்.
அந்தப் பொம்பிளை மாதிரித்தான் கடவுள் என்றேன்.
"கடவுளிட்டத் தும்புத்தடி இருக்கா?" என்றான் ஏபல்.
"இருக்கு."
எங்கள் வீட்டுத் தும்புத்தடியைத்
தோளில் சாத்திக்கொண்டு அவன் புறப்பட்டான்.

அரிசி வாளிக்குள் ஒன்று, சப்பாத்துக்குள் ஒன்று,
மீன் தொட்டிக்குப் பின்னால் இரண்டு.
ஒன்பது வந்தது.
பத்தாவதை எங்கே வைத்தேன்?
சத்தியமாக ஞாபகமில்லை.

ஏபல் மெத்தையைத் தூக்கினான்.
காசில்லை, மடித்த ஒரு கடதாசி.
என் இரண்டு காப்புக்கும்
அடகுக் கடைக்காரன் தந்த துண்டு.
"அம்மா, இதையும் நீங்கதான் ஒளிச்சதா?"
"ஓம்."
"அப்ப இதுவும் விளையாட்டா?"
"இல்லை. இஞ்ச தா."

ஆறு மணிக்குக் களைத்துப்போய்
என் பேர்ஸிலிருந்து ஒரு பத்து ரூபாயை எடுத்து
கதிரைக் காலடியில் மெல்ல விட்டேன்.
"ஐயோ, இஞ்ச கிடக்கு!"
மிரோனி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
பொட்டு இல்லை.
"இது வேற ஆக்களின்ர.
எங்கடது இன்னும் தனிய நிக்குது."
அவள் கோபிக்கவில்லை.
கோபித்திருந்தால் எனக்கு லேசாயிருந்திருக்கும்.

பிறகு நடந்தது கதையில் இல்லாதது.
கண்டபிறகு கூப்பிட வேண்டிய அயலாரை
ஏபல் காணமுன்னமே கூப்பிட்டுவிட்டான்.
நாலாம் மாடி பஸ்மினா
தோய்த்த உளுந்துக் கையோடு வந்தாள்.
குசுமா அக்கா ரோச் கொண்டுவந்து
"மொக்கத நெத்தி உனே?" என்றபடி
அலுமாரிக்கடியில் அடித்தாள்.
பஸ்மினாவின் மகன் குப்புறப் படுத்து
செற்றிக்குக் கீழே பாதி மறைந்தான்.
பத்து ரூபாய்க்கு இத்தனை முழங்கால்!
இப்போது அதற்கு ஒரு ரொஃபி வருமோ தெரியாது.

காசு கிடைக்கவில்லை.
கீழே பாண்காரனின் ஓட்டோ
தன் பழைய மெட்டை வாசித்துக்கொண்டு வந்தது.
ஆளுக்கொரு கிம்புலா பணிஸ் வாங்கினேன்,
ஆயிரம் ரூபாய்த் தாள் ஒன்று போயிற்று.
சீனி உதிர உதிரச் சிரித்தோம்,
எதைக் கண்டுபிடித்தோம் என்று
ஒருவரும் கேட்கவில்லை.

படுக்கப் போகையில் செபம் முடித்துவிட்டு
மிரோனி கண்ணைத் திறந்தாள்.
"லைற்றை நிப்பாட்டாதேங்கோ.
இருட்டெண்டால் காசு பயப்படும்.
நாங்கள் தேடுறம் எண்டு அதுக்குத் தெரியவேணும்."
போன மாதக் கரண்ட் பில்லை நினைத்தேன்.
நினைத்துக்கொண்டே
குசினி லைற்றை எரியவிட்டேன்.

மேசையில் ஒன்பது காசை வரிசையாக வைத்து,
கொஞ்சம் யோசித்து,
அடகுத் துண்டை அவற்றுக்குக் கீழே வைத்தேன்.

பன்னிரண்டரைக்கு அவர் வந்தார்,
ஹோட்டல் குசினியின் வெங்காய மணத்தோடு.
"ஏன் லைற் எரியுது? ஆரும் வருகினமா?"
"ஓம். பத்து ரூபாய்."

மேசையைப் பார்த்தார்.
துண்டை எடுத்தார், வாசித்தார்,
இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தார்.
மழை விட்டிருந்தது; கடல் மட்டும் கேட்டது.
பிறகு, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல்,
முழங்காலில் இருந்து
போன் வெளிச்சத்தை
பிரிஜ்ஜுக்கு அடியில் அடித்தார்.
"எந்தப் பக்கம் பார்த்தனீங்கள்?" என்று கேட்டார்,
"எந்தப் பக்கம் பார்க்கேல்லை?"